ரோமாபுரியின் கடைமடை

சாலவாக்கம் ஏரிக்கு ஐசக்தான் நீர்க்கட்டி. மதகைத் திறந்து, முறை வைத்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. முறையெல்லாம் மேல்மடைக்கார வீராசாமிக்குச் செல்லாது. வாய்க்காலில் வைக்கோலும் மண்ணும் போட்டு அடைத்துத் தன் வயலை ரொப்பிக்கொள்வார். கடைமடையில் பயிர் கருகும். திட்டு மட்டும் ஐசக்குக்கு வரும்.

ஏரிக்குச் சர்க்காரே சம்பளம் கொடுத்து மதகு காக்கிற லஸ்கர் ஒருவரைப் போடப் போகிறது, எட்டாவது பாஸாகியிருந்தால் போதும் என்று கேள்விப்பட்டதும் ஐசக்குக்கு நாற்பத்தோரு வயதில் ஆசை வந்துவிட்டது. சர்க்கார் ஆளாகிவிட்டால் வாய்க்காலில் யார் கை வைப்பது? ஞாயிறுதோறும் ஜெபக்கூடத்தில் வேதம் வாசிக்கிறவனுக்கு எட்டாவது எம்மாத்திரம் என்று 1957இல் உத்திரமேரூருக்குப் பரீட்சை எழுதக் கிளம்பினான்.

சரித்திரத்தில்தான் விழுந்தது அடி. ‘ரோமாபுரி சாம்ராஜ்யம் வீழ்ந்தது ஏன்?’ அவன் நெட்டுருப் போட்டதெல்லாம் அது எழுந்த கதை. விழுந்த பக்கங்களை அவனுடைய பழைய புத்தகத்தில் எலி தின்றிருந்தது. அதற்காக விட்டுவிடுவானா? அவ்வளவு பெரிய ராஜ்யத்தில் ஏரி இல்லாமலா போகும் என்று எழுதத் தொடங்கினான். மேல்மடைக்காரர்கள் வாய்க்காலை அடைத்தார்கள். கடைமடை காய்ந்தது. அங்கிருந்த சனங்கள் மாமியார் ஊர்களுக்குப் பிழைக்கப் போனார்கள். பெருமழையில் கரை உடைந்தபோது மண்வெட்டி பிடிக்க ஆளில்லை. ராஜ்யம் போயிற்று.

திரும்பி வரும்போது வீராசாமி வரப்பில் மடக்கினார். “இன்னாடா எய்தினே?”

ஐசக் ஒப்பித்தான். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“இத்த யார்ரா சொன்னது உனுக்கு?”

“பொஸ்தகத்துல கீது ஆண்டே” என்று மனசறிந்து ஒரு பொய்யைச் சொல்லிவைத்தான்.

அச்சில் வந்த எதையும் வீராசாமி சந்தேகப்பட்டதில்லை. மறுநாளே அடைப்பைத் தம் கையாலேயே பிடுங்கிப் போட்டார். பல வருஷங்களுக்குப் பிறகு கடைமடைக்குத் தண்ணீர் ஓடியது.

பரீட்சை முடிவு வந்தது. மற்ற பாடமெல்லாம் பாஸ், சரித்திரம் பெயில். லஸ்கர் வேலை கைநழுவிய துக்கம் ஒரு பக்கம். பொய் வெளுத்துவிட்டதே, திரும்பவும் அடைப்பு விழுமே என்ற பயம் ஒரு பக்கம். மதகடியில் உட்கார்ந்து அழுதான்.

வீராசாமி வந்து நின்றார். “சரித்திரத்துல பெயிலாமே?”

“ஆமா ஆண்டே.”

அவர் வாய்க்காலில் மிதந்து வந்த வைக்கோலை எடுத்துக் கரையில் எறிந்துவிட்டுச் சொன்னார்: “நீ எய்தினது சரிதான்டா. திருத்தினவனுக்கு மேல்மடையில நெலம் கீது போல.”