ரோஸ் பெல்லுக்கு மாற்றல்

மொரீஷியஸ் சுதந்திரம் பெறுவதற்குச் சில வருஷங்கள் முன்பு நடந்தது இது. நானும் திருநெல்வேலி சாரதாவும் ஒரே கப்பலில் வந்து, போ பசானில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தோம். நிர்வாகிக்கு வேறு ஊர்களிலும் பள்ளிகள் இருந்தன. ஒருநாள் சாரதாவை லாங் மவுண்டனுக்கும் என்னை ரோஸ் பெல்லுக்கும் மாற்றினார். நம் ஊரில் மாற்றல் என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர வேண்டியதுதானே! மறுநாள் காலையிலேயே இருவரும் கிளம்பிவிட்டோம்.

நான் ரோஸ் பெல் போகும் வழியில் ஒரு லாரியிலிருந்து கரும்பு சரிந்து சாலையை அடைத்துவிட்டது. முதல் நாளே தாமதமா என்று லாரிக்காரரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

ஒருவழியாக ரோஸ் பெல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது, தலைமையாசிரியர் அறையில் குடியேற்ற அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"மிஸ், இங்கே வகுப்பு எடுத்தீர்களா?"

"இல்லை சார், இப்போதுதான் வருகிறேன்."

"தப்பித்தீர்கள். உங்கள் வேலை அனுமதி போ பசான் பள்ளிக்கு மட்டும்தான். இங்கே பாடம் நடத்தியிருந்தால் ஊருக்கே திருப்பி அனுப்பியிருப்போம்."

"லாங் மவுண்டனுக்குப் போன சாரதா?" என்றேன்.

"அங்கேயும் ஆள் போயிருக்கிறார்" என்றார். சற்று நேரத்தில் டெலிபோன் மணி அடித்தது. கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சாரதா நேரத்துக்கே போய் வகுப்பைத் தொடங்கிவிட்டார், மிஸ்."

அடுத்த கப்பலில் சாரதாவை அனுப்பிவிட்டார்கள். நிர்வாகிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதிலிருந்து யார் எங்கே மாற்றினாலும், புது அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் சாக்பீஸைத் தொடுவதில்லை. கரும்பு லாரி வழிமறித்தால் கோபமும் வருவதில்லை. சாரதாவின் வழியில் அன்று ஒன்றுகூட நிற்கவில்லையே என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.