தறி எண்ணெய் வாசனை அடித்த கிட்டார்

என் முதல் கிட்டாரில் தறி எண்ணெய் வாசனை அடிக்கும். வாசித்து முடித்து விரலை மூக்கருகே கொண்டுபோனால், கம்பியின் இரும்பு வாசனைக்குப் பின்னாலேயே அதுவும் வரும். பவர்லூம் ஓடுகிற வீட்டில் சோற்றுக் குண்டானில்கூட அந்த வாசனை இருக்கும் என்பதால், அது கிட்டாருக்கு எப்படி வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. யோசித்திருந்தால் இரண்டு வாரக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

திருத்தணியில் மலைக்குக் கீழே எங்கள் தெரு. நாங்கள் ‘நைனா’ என்று கூப்பிடும் அப்பா, வீட்டின் முன்கட்டில் இரண்டு தறி போட்டு லுங்கி நெய்தார். நான் பதினொன்றாம் வகுப்பு. சித்தி மகள் பவானி அக்கா பாடுவாள், அடுத்த தெரு சேகர் அண்ணன் கீபோர்டு வாசிப்பார், நான் எலக்ட்ரிக் கிட்டார். அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அடிவாரத்து மேடையில் எங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்திருந்தது. எனக்கு அதுதான் முதல் மேடை; பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன்.

பவானி அக்காவுக்குக் கனத்த, தாழ்ந்த குரல். “மேல போனா எனக்குத் தொண்டை கிழியுது, எறக்கிடுங்க” என்றாள். கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் சுருதி இறங்கிவிடும். கிட்டாருக்கோ தலைப்பக்கத்தில் கம்பியை முறுக்கும் ஆறு காதையும் திருகி, ஆறு கம்பியையும் தளர்த்த வேண்டும். தளர்த்தினேன். வெறும் கம்பியை மீட்டினால் கீபோர்டோடு அழகாக ஒட்டிக்கொண்டது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டுகளில் மேலே ஏறி, பன்னிரண்டாவதில் விரலை வைத்தால்தான் வம்பு. தளர்ந்த கம்பி அழுத்துகிற அழுத்திலேயே இழுபட்டு, சுருதி ஏறிப் புளித்துப்போனது.

தடித்த கம்பி வாங்கி மாட்டியதில் பாதி சரியானது. மீதிக்கு ஒரு வழி இருந்தது. கிட்டாரின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு கம்பியும் ஒரு சின்ன இரும்புத் துண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். பின்னாலுள்ள திருகாணியைத் திருகினால் துண்டு பின்னுக்கு நகரும், கம்பியின் நீளம் ஒரு மயிரிழை கூடும், மேலே ஏறிய சுருதி இறங்கி வரும். ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு அளவு. ஃபோனில் சுருதி காட்டும் ட்யூனரைப் பார்த்துக்கொண்டே ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து சரிசெய்தேன். முடிந்தபோது ஆறு துண்டுகளும் முன்னும் பின்னுமாகக் கோணல்மாணலாக நின்றன. சுருதி மட்டும் அப்படிச் சேர்ந்தது.

மறுநாள் பள்ளி விட்டு வந்து, சேகர் அண்ணன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வாசித்தால் எல்லாம் கெட்டுக் கிடந்தது. கம்பிகள் ஏறியிருந்தன, துண்டுகள் ஒரே வரிசையில் நின்றன. தறி ஓடினால் எங்கள் வீட்டில் டம்ளர்கூட மேசையில் நடக்கும். அந்த அதிர்வில்தான் நகர்ந்துவிட்டது என்று நினைத்தேன். மறுபடி சரிசெய்து, கிட்டாரைப் போர்வையில் சுற்றி வைத்தேன். மறுநாளும் அதே கதை. இப்படியே இரண்டு வாரம்.

சேகர் அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கம்பி எறங்கும்மா, தானா ஏறாது. உனக்குத்தான் ட்யூன் பண்ண வரல. சனிக்கெழமைக்குள்ள சேரலன்னா அரக்கோணத்துலேர்ந்து வேற ஆளக் கூட்டிகினு வந்துடுவேன், கோச்சிக்காத.” பவானி அக்கா பாட்டு நோட்டை மூடி வைத்தாள். அதுதான் அதிகம் வலித்தது.

வியாழக்கிழமை காய்ச்சல் வந்து பள்ளிக்குப் போகவில்லை. அப்போதெல்லாம் பகலில் கரண்ட் போகும். பத்து மணிக்குத் தறிகள் நின்று வீடு திடீரென்று ஊமையானது. படுத்திருந்த நான் கண்ணைத் திறந்தால், நைனா எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து, போர்வையைப் பிரித்து, என் கிட்டாரை மடியில் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

“நைனா, இன்னா பண்ற?”

“ஒண்ணுமில்லம்மா. பாவு எப்படித் தொய்ஞ்சி கெடக்குது பாரு. டெய்லி கரண்ட் போனா நான்தான் இழுத்து வெச்சிகினு இருக்கேன். நீ படிக்கிற புள்ள, மறந்துடுற” என்றார். கையில் தறி ஸ்க்ரூடிரைவர். “இந்த இரும்பெல்லாம்கூட கோணல்மாணலா நிக்குது. வரிசையா வெச்சா பாக்க லட்சணமா இருக்குதில்ல?”

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் ஒன்று தொய்ந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. “தொய்ஞ்ச பாவு தூக்கத்தக் கெடுக்கும்” என்பது எங்கள் வீட்டில் தினமும் காதில் விழும் வார்த்தை. அவர் கண்ணுக்கு என் கிட்டார், மகள் கவனிக்காமல் விட்ட ஆறு இழைப் பாவு. ஆனால் அந்த நேரத்தில் இந்த நியாயமெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. “உன்னாலதான் என் மானமே போவுது! இனிமே அதத் தொடாத!” என்று தெரு கேட்கக் கத்தினேன்.

அவர் கிட்டாரைக் கைக்குழந்தையைக் கிடத்துவதுபோலக் கட்டிலில் வைத்துவிட்டு, கரண்ட் இல்லாத தறி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த முதுகை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் நான் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தபோது, மெதுவாகப் பக்கத்தில் வந்தார். “கோணலாத்தான் நிக்கணுமா?” என்று கேட்டார். “ஆங், நைனா” என்றேன். கம்பியை வெறுமனே மீட்டிக் காட்டினேன், மேலே அழுத்தி மீட்டிக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டவர், “ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது” என்று ஒத்துக்கொண்டார். பிறகு தறியிலிருந்து ஒரு சிவப்பு இழையை அறுத்து வந்து கிட்டாரின் கழுத்தில் கட்டினார். “கரண்ட் போனா கை தானா வந்துடுதும்மா. இதப் பாத்தா நிக்கும்.”

நின்றது. சனிக்கிழமை சேகர் அண்ணன் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அரக்கோணத்துக்கு ஃபோன் பண்ணி வேணாம்னு சொல்லிடுறேன்” என்றார். ஆடிக் கிருத்திகை அன்று, பூக்காவடிகளுக்கு நடுவே முண்டியடித்து நைனா முன்வரிசைக்கு வந்து நின்றார். ஒரு மணி நேரமும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை; அந்த ஆறு இரும்புத் துண்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்ததும், “பாட்டு நல்லாத்தான் இருந்துச்சி. கம்பி தொய்வாத்தான் இருந்துச்சி” என்றார்.

இப்போது அந்தக் கிட்டார் சென்னையில் என் வீட்டுச் சுவரில், சிவப்பு இழையோடு தொங்குகிறது. பவானி அக்கா வந்தால் பாடுவாள் என்று அதே தாழ்ந்த சுருதியில்தான் வைத்திருக்கிறேன். தறிகள் இருந்த முன்கட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நைனா போய் இரண்டு வருஷமாகிறது. விரலை மோந்து பார்த்தால் வெறும் இரும்பு வாசனைதான். கம்பி இறங்கும், தானாக ஏறாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் காலையில் ட்யூனரை வைக்கும்போது, ஆறில் ஒன்றாவது ஏறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.