பீலித் தண்ணியும் பேப்பர்காரியும்

மலைநாட்டில் பிரதேச நிருபர் வேலை என்பது, நல்லது நடந்தால் யாரும் கூப்பிடாத, கெட்டது நடந்தால் எல்லோரும் கூப்பிடுகிற வேலை. இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உங்கள் கால் சப்பாத்துக்குள்ளும் அட்டை ஏறி இரத்தம் குடித்திருக்கும். நீங்கள் மழையில் நனைந்து எழுதி அனுப்பியதையும் கொழும்பில் நாலு வரியாக வெட்டியிருப்பார்கள். மாமியார் வீட்டில் உங்களையும் "பேப்பர் போடுற வேலையா?" என்று கேட்டிருப்பார்கள். ஆனாலும் எப்போதாவது ஒரு தடவை நாம் எழுதியது ஒரு இடத்தை அசைத்துவிடுகிறது பாருங்கள், அந்த ருசிக்காகத்தான் விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அப்படி அசைந்த ஒரு தோட்டத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அது வட்டகொடைப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பேர் வேண்டாம்.

மாறுவேஷம்

ஒரே தோட்டத்துப் பிள்ளைகளாக, உடம்பெல்லாம் சொறியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த நேர்ஸ் ஒருவர் சொன்னார். நேராகப் போய்க் கேட்டால் தோட்டத்தில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் கண்டியில் நிருபர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்து முடிந்திருந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஆலைகள் பெருகிய காலத்தில், நிருபர்கள் தொழிலாளியாகவே வேஷம் போட்டு உள்ளே நுழைந்து, அழுகின இறைச்சியையும் நூல் ஆலையில் வேலை செய்த குழந்தைகளையும் ஊருக்குக் காட்டினார்களாம். மேலே இருந்தவர்கள் அவர்களைக் 'குப்பை கிளறுகிறவர்கள்' என்று திட்டினார்களாம். கடைசியில் சட்டமே மாறியதாம். கேட்டதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்தானே, இதைவிட எனக்கு என்ன வேஷம் பொருந்தும்?

சொந்தக்காரப் பெண் ஒருத்தியிடம் படங்குத் துணி வாங்கி இடுப்பில் கட்டி, தலையில் துண்டு போட்டு, முதுகில் கொழுந்துச் சாக்கைத் தொங்கவிட்டு, காலையில் மலைக்கு ஏறும் பெண்களோடு நானும் ஏறினேன். தேயிலைச் செடிகளில் முதல் நிரை தாண்டவில்லை. பக்கத்து நிரையில் நின்ற அக்கா என் முகத்தை எட்டிப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். மாட்டிக்கொண்டோம் என்று தலைத் துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டேன். அந்த அக்கா கிட்ட வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கச் சொன்னார்: "பேப்பர் வேலை போயிருச்சா சுமதி புள்ள? ஒரு வார்த்த சொல்லியிருந்தா சங்கத் தலைவர்கிட்ட பேசி நாங்களே பேர் பதிஞ்சு விட்டிருப்போமே!"

யாருடைய பெயர்

வேலை போகவில்லை என்று சத்தியம் செய்த பிறகு எல்லோரும் சிரித்து, சிரித்த வாயோடு விஷயத்துக்கும் வந்தார்கள். அவர்களில் பார்வதி அக்கா என்னைத் தன் லயத்துக்குக் கூட்டிப்போனார். இஸ்தோப்புத் திண்ணையில் அவருடைய சின்ன மகள் முழங்கையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். சொறிந்த இடமெல்லாம் புண். "மேல பாரு," என்றார் அக்கா. லயத்துக்கு மேலே மேட்டில் புல்லுக்கு அடிக்கிற மருந்து கலக்கும் தொட்டி. அங்கே மருந்து டேங்குகளைக் கழுவிய தண்ணீர் ஒரு கான் வாய்க்காலில் இறங்கி ஓடைக்குப் போகிறது. அந்த ஓடையிலிருந்துதான் பீலிக்கு, அதாவது லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற தாரைக்கு, தண்ணீர் விழுகிறது. அதைத்தான் லயம் முழுக்கக் குடிக்கிறது, குளிக்கிறது, சோறு வடிக்கிறது. நான் நிற்கும்போதே பீலியில் நுரை வந்தது. படம் எடுத்துக்கொண்டேன்.

விஷயம் சொல்ல ஊரே இருந்தது. பெயர் கொடுக்கத்தான் ஆள் இல்லை. கொழும்பில் ஆசிரியரோ, "ஒரு ஆளாவது பேரோட பேசணும் சுமதி. நாளைக்கு தோட்டக் கம்பனி இல்லன்னு மறுத்தா நான் எதக் காட்டுறது?" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான். பார்வதி அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னேன், பெயர் வந்தால் தொல்லை வரும், வேலைக்கே வினையாகலாம் என்று. அவர் மகளின் கையில் எண்ணெய் தடவி முடித்தார். அப்புறம் சொன்னார்: "போடு. பார்வதின்னு மட்டும் போடு. இந்தத் தோட்டத்துல முக்குக்கு ஒரு பார்வதி இருக்கா. எந்தப் பார்வதின்னு தொரை தேடிக் கண்டுபிடிக்கட்டும்."

பங்களா டீ

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதக்கூடாது இல்லையா. தோட்டத்து மேனேஜரான துரைக்குப் போன் போட்டேன். மனிதர் தங்கமாகப் பேசினார். "பங்களாவுக்கே வாங்க மிஸ், ஒரு டீ குடிச்சுக்கிட்டே பேசலாம்" என்றார். போனேன். புல்வெளி, ரோஜாச் செடி, குழைந்து வரும் ஒரு பெரிய நாய். எங்கள் மலைத் தண்ணீரைப் போத்தலில் அடைத்தால் வெளிநாட்டுக்கே அனுப்பலாம், அவ்வளவு சுத்தம் என்றார் துரை. பிள்ளைகளுக்குச் சொறி வருவது குளிக்காததால் என்றார். எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன்.

அதற்குள் அவருக்கு ஏதோ அழைப்பு வர, போனோடு வெளியே போனார். பங்களாவில் சமைக்கும் அப்பு டீயைக் கொண்டுவந்து வைத்தார். வயதான மனிதர். பேச்சுக்குத்தான் கேட்டேன், "டீ நல்லா இருக்குங்க. லயத்துப் பீலித் தண்ணிதானா?" அப்பு பதறிப்போய், நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து, சமாதானமாகச் சொன்னார்: "ஐயோ இல்லீங்கம்மா, இது மேல ஊத்துலருந்து தனிக் குழாய்ல வர்றது. பீலித் தண்ணியில நாயக்கூடக் குளிப்பாட்டக் கூடாதுன்னு தொரையோட உத்தரவுங்க!"

ஒரு போத்தல் தண்ணீர்

துரைக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை எழுதினால் அந்த அப்பு அன்றைக்கே மூட்டை கட்டவேண்டியதுதான். யாரும் மறுக்கமுடியாத வேறு சாட்சி வேண்டும். பீலியில் நுரை வரும் நேரம் பார்த்து ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பார்க்க பஸ் ஏறினேன். எங்கள் ஊரில் அவரை பி.எச்.ஐ. மாத்தயா, அதாவது சிங்களத்தில் பி.எச்.ஐ. ஐயா, என்றுதான் சொல்வோம்.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பையை இருக்கையில் இருந்த ஒரு பெரியவரின் மடியில் கொடுத்துவிட்டுத் தொங்கிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் பார்த்தால் பெரியவர் போத்தல் மூடியைத் திறந்து, அண்ணாந்து ஊற்றப் போகிறார்! "ஐயோ, குடிச்சிராதீங்க!" என்று கத்திக்கொண்டே தாவிப் பறித்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் பேப்பருக்கு எழுதுகிறவள், அதில் மருந்து கலந்திருக்கிறது என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. இறங்கும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, இறங்கும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்: "ஒரு மடக்குத் தண்ணிக்கு இந்தப் பாடு படுத்துது. இதெல்லாம் பேப்பர்ல ஊருக்கு தர்மம் எழுதுதாம்!"

விற்றுத் தீர்ந்தது

பி.எச்.ஐ. மாத்தயா போத்தலை மூக்கருகே கொண்டுபோனவர் வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளே பீலிக்கு வந்து, தன்னுடைய போத்தல்களில் தண்ணீர் பிடித்து, முத்திரை வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். இந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்று லயத்தில் சொல்லியும் விட்டார். அது போதும். படம், பார்வதி, துரை சொன்ன பதில், பி.எச்.ஐ. வந்து போனது என எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. ஒரு வரிகூட வெட்டவில்லை!

விடிந்ததும் பஸாரில் பேப்பர் கடை வைத்திருக்கும் ரசீன் நானாவிடம் ஓடினேன்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு பிரதிகூட இல்லை. தோட்டத்து ஜீப் வந்து, கட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டதாம். யாருக்காக எழுதினோமோ அவர்கள் கண்ணில் படாமலே போய்விட்டதே! நானா ஒரு இஞ்சித் தேநீரை என் கையில் கொடுத்துவிட்டு, தன் போனைத் திறந்து காட்டினார். ஜீப் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, தனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டிருந்தார். கொத்மலையிலிருந்து றொசல்ல வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாரத்துக்கு ஒருக்கா இப்படி எழுதுங்க தங்கச்சி. பேப்பர் அவங்க வாங்கட்டும், வாசிக்கிறத நாங்க பார்த்துக்கிறோம்."

ஆபீஸ் வாசலில்

திங்கட்கிழமை தோட்டத்துப் பார்வதிகள் எல்லோரையும் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். அங்கே நடந்ததை, போயிருந்த பெண்கள்தான் எனக்குப் பிறகு சொன்னார்கள். ஒரு பார்வதி தனக்குக் காது கேட்காது என்றாராம். இன்னொருவர் தான் பேப்பரே பார்த்ததில்லை என்றாராம். நம் பார்வதி அக்காவும் பேசாமல் நின்றிருக்கிறார். அப்படியே நின்றிருந்தால் தப்பியிருப்பார். அப்போது துரை சொன்னாராம், "அப்ப இது பொய்ப் பேர். அந்தப் பேப்பர்காரி கற்பனையா எழுதியிருக்கா. அவ மேல வழக்குப் போட்டு வேலைய விட்டே தூக்கவைக்கிறேன்."

அதைக் கேட்டதும் பார்வதி அக்கா முன்னால் வந்திருக்கிறார். கூடவே கூட்டிப்போயிருந்த மகளின் கையைத் தூக்கித் துரையின் மேசைமேல் வைத்திருக்கிறார். ஆபீஸ் வாசலில் நின்ற தாய்மார்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளோடு உள்ளே வந்து, அவருக்குப் பின்னால் நின்றிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த மலையில் ஒரு கொழுந்து பறிபடவில்லை. பார்வதி அக்கா துரையிடம் சொன்னது இதுதான்: "நான்தாங்க சொன்னேன். சுமதி எழுதினதுல ஒரே ஒரு தப்புத்தான் இருக்கு. எம் மகளுக்குச் சொறின்னு போட்டுட்டா, லயத்துப் புள்ளைங்க அத்தனை பேருக்கும்னு போட்டிருக்கணும்."

திறப்பு விழா

பரிசோதனை முடிவு வந்தது, பீலித் தண்ணீரில் புல்லு மருந்து கலந்திருந்தது. பி.எச்.ஐ. மாத்தயா சொன்னது சரியாகவே இருந்தது. அதற்குப் பிறகு கம்பனியின் மேலிடமே இறங்கி வந்தது. தொட்டியை ஓடைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றினார்கள். பங்களாவுக்குப் போன மேல் ஊற்றிலிருந்தே லயத்துக்கும் குழாய் போட்டார்கள். பார்வதி அக்காவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரை அசைத்தால் மலையே கீழே இறங்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்புவும் பங்களாவிலேயே இருக்கிறார். குழாய் திறக்கும் விழாவுக்கு அரசியல்வாதி ஒருவர் வந்து, இது தன்னுடைய நெடுநாள் கனவு என்றார். துரைக்கு மாலை போட்டார்கள். நானும் கூட்டத்தில் நின்று குறிப்பெடுத்தேன். மறுநாள் அது நாலு வரியாக வந்தது, அரசியல்வாதியின் படத்தோடு.

விழா முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு பார்வதி அக்கா புதுக் குழாயில் தண்ணீர் பிடித்து, அடுப்பில் வைத்து, எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். புண் காய்ந்த மகள் வாசலில் குழாயைத் திறந்துவிட்டு நனைந்துகொண்டிருந்தாள். அக்கா தன் கோப்பையில் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். இன்னொரு வாய் குடித்துவிட்டு, கோப்பையையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "என்னமோ ருசியே இல்லாத மாதிரி இருக்கு சுமதி. அப்ப இத்தனை வருசமா நாங்க ருசின்னு குடிச்சது எதை?"

நாம் எழுதியது மறுநாள் வடை சுற்றப் போய்விடும் என்பது உண்மைதான் நண்பர்களே, ஆனால் அந்த வடையைத் தின்றுவிட்டுக் கை கழுவப் போகிறவருக்குக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறதென்றால், நம் செய்தியில் எண்ணெய் ஊறியதைப் பற்றிப் பெரிதாக வருத்தப்பட ஒன்றுமில்லை.