மிஸ் டானும் என் மெஸ்ஸின் வடிகஞ்சியும்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கியபோது என் சொத்து ஒரு தகரப் பெட்டி. பிறகு சிராங்கூன் சாலைச் சந்தில் நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிடும் மெஸ் வைத்தேன். பின்கட்டில் மூன்று பெரிய அடுப்பு போட்டேன். துறைமுகத்துக்கு லாரி ஏறும் ஆட்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கட்டும் வழக்கத்தை அந்தத் தெருவில் தொடங்கியவனும் நானே. இத்தனையும் யார் தயவும் இல்லாமல். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு சீனப் பெண்மணியின் தயவு உண்டு. அதை மறைத்தால் தின்ற சோறு செரிக்காது.

இந்த நாட்டில் எனக்கு விசித்திரமாகப் பட்டது, எதைச் சாப்பிடுவது என்று சொல்வதற்கே ஓர் உத்தியோகம் இருப்பதுதான். ஊரில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்போம்; என்ன சத்து இருந்தது என்று கேட்கச் சம்பளத்துக்கு ஆள் வைப்பார்கள் என்றால் சிரிப்பார்கள். மிஸ் டான், சத்துமாவு டின் விற்கும் ஒரு கம்பெனியில் டயட்டீசியன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, கம்பெனி வேனில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் நோட்டு. சுகாதார இன்ஸ்பெக்டர் என்று நினைத்து வடைத் தட்டை அவசரமாக மூடினேன். அவர் வடையைப் பார்க்கவே இல்லை. நான் வடித்த கஞ்சி வெள்ளையாகச் சாக்கடையில் ஓடுவதையே பார்த்து நின்றார். சாக்கடையைக் குறை சொல்கிறார் போலும் என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினேன். “ஜாங்கான் புவாங்!” என்று கத்தினார். கொட்டாதே என்று அர்த்தம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்தக் கடைத்தெரு மலாய்தான்.

அன்று மூலையில் கருப்பையா உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கால் வீங்கி மரத்துப்போய் இரண்டு வாரமாக வேலைக்குப் போகவில்லை. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள் எடுப்பேன் என்று வேலை வாங்கும் தண்டல் சொல்லிவிட்டார். மிஸ் டான் குனிந்து அவன் காலை விரலால் அழுத்தினார், குழி விழுந்தது. வேனிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர், சத்துக் குறைவு என்று ஊசி போட்டு, சாப்பாட்டை மாற்றச் சொன்னார்.

தப்பு என்னுடையது. ரப்பர் தோட்டத்தில் புழுங்கல் அரிசி தின்றவர்கள் பட்டணம் வந்ததும் வெள்ளைச் சோறுதான் கௌரவம் என்றார்கள். நானும் சயாம் பச்சரிசியை ஏழு தண்ணீரில் கழுவி, வடித்து, பூப்போலப் போட்டேன்; சத்தெல்லாம் கழுநீரோடும் கஞ்சியோடும் சாக்கடைக்குப் போய்விட்டது. புழுங்கலுக்கு மாறு, அதிகம் கழுவாதே, கஞ்சியை வடிக்காதே, பயறும் கங்கோங் கீரையும் சேர் என்றார் மிஸ் டான். “உங்கள் டின்னில் எத்தனை கரண்டி?” என்று கேட்டேன். வேன் டிரைவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “இதைச் செய்தால் டின் தேவையில்லை” என்றார் மெதுவாக. கம்பெனிச் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சு வரும்?

ஆனால் மறுநாள் புழுங்கலைப் போட்டதும் கருப்பையாவே தட்டைத் தள்ளினான்.

“தோட்டத்துச் சோறு வேணாம்னுதானே ஓடியாந்தேன். இங்கயும் அதையே போடுறீங்களே, அண்ணே!”

“எதிர் மெஸ்ஸுக்குப் போவோம் லா,” என்றான் பக்கத்திலிருந்தவன்.

மிஸ் டான் மறுபடி வந்து படம் மாட்டி விளக்கினார். இலவசச் சத்துமாவைக் குடித்துவிட்டு எல்லோரும் நழுவினார்கள். அவர் முகம் வாடிவிட்டது. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அடுத்த நாள் இரண்டு பானை வைத்துக் கத்தினேன்: “மூட்டை தூக்குற ஆம்பளைக்குப் புழுங்கல்! நோஞ்சானுக்கு வெள்ளைச் சோறு! எது வேணுமோ வாயத் தொறந்து கேளு!”

ஒருவனும் வெள்ளைச் சோறு கேட்கவில்லை. முதல் தட்டு கருப்பையாவுடையது. “எனக்கு ரெண்டு கரண்டி சேத்துப் போடுங்கண்ணே. யாரு நோஞ்சான்னு பாத்துருவோம்!”

மாதக் கடைசிக்கு முன் அவன் லாரி ஏறினான். விஷயத்தைச் சொன்னபோது மிஸ் டான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு போன மெஸ்ஸிலெல்லாம் இரண்டு பானை வைக்கச் சொன்னார்.

கம்பெனி அதைப் புத்தகமாகப் போட்டது. என் பானையருகே மிஸ் டான் நிற்கும் படம். கீழே ‘ஓர் இந்தியர் மெஸ்’ என்று மட்டும். ஓரத்தில் கரண்டி பிடித்த என் கை தெரிகிறது. உடம்பு தாளுக்கு வெளியே. ஊருக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். “சிங்கப்பூர்க்காரரே, இதுல நீங்க எங்க?” என்றார்கள். அங்கே நான் சிங்கப்பூர்க்காரன். இங்கே அச்சில் ஓர் இந்தியன். மிஸ் டானுக்கு உரிய புகழில் ஒரு பருக்கைகூட எனக்கு வேண்டாம். ஆனால் அந்தப் படத்தை மறுபடி யார் அச்சிட்டாலும், அந்தக் கை மெஸ்காரர் முத்தையாவின் கை என்று ஒரு வரி போட்டாக வேண்டும்.