நின்றால் ஓடும் நெஞ்சு

நான் சேலைக்கடையில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் உட்காருவார், நாங்கள் நின்றபடியே பிரித்துப் போட வேண்டும். உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்ததும் முதலாளி ஸ்டூல்கள் வாங்கிப் போட்டார். அவற்றின் மேல் அட்டைப்பெட்டிகள்தான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

ஒரு காய்ச்சல் வந்து போன பிறகுதான் இது ஆரம்பித்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கை நடுங்கும், கண் இருட்டும். ஒரு முகூர்த்தக் கூட்டத்தில், முசிறியிலிருந்து வந்த கல்யாண வீட்டாருக்குப் பட்டுப்புடவையை என் தோளில் போட்டுக் காட்டியவள், புடவையோடு சரிந்தேன். சூப்பர்வைசர் ஓடி வந்து முதலில் புடவையைத்தான் தூக்கினார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டுலயே இருந்துக்குங்கம்மா" என்றார். வீட்டுக்காரர் ஓட்டுகிற லோடு ஆட்டோவுக்கு எல்லா நாளும் லோடு கிடைக்காது. என் வேலை போனால் வாடகைக்கு வழியில்லை.

டாக்டரிடம் போனேன். படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார். படுத்தால்தான் எனக்கு ஒன்றுமே இல்லையே! "எல்லாம் நார்மல். டென்ஷன்தான், மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று தூங்குவதற்கு மாத்திரை எழுதினார். வேறொருவரிடம் போனேன். அவரும் படுக்கத்தான் சொன்னார்.

அதிலிருந்து வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் கிடைத்தது. "அவளுக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம்" என்று வீட்டுக்காரர் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொன்னார். மாமியார் ஒரு சாயங்காலம் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தார். குடித்ததும் தெளிந்தது உண்மைதான். கடையில் கழிவறை மேல்மாடியில். அடிக்கடி போனால் முறைப்பார்கள் என்று நாங்கள் யாரும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. அன்று நான் வயிறு நிறையக் குடித்தது அந்த ஒரு பாட்டில்தான்.

பிறகு மாமியார், படபடப்பு என்றால் பிரஷர்தான் என்று முடிவு கட்டி, என் தட்டில் உப்பைக் குறைத்தார். மோரில்கூட உப்பில்லை. எனக்கு இன்னும் மோசமாயிற்று. போகப்போக நானே என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நம்பிவிட்டேன். இன்றைக்கு விழுந்துவிடுவேனோ என்ற நினைப்பே நெஞ்சை அடிக்க வைத்தது.

கடைசியில் தில்லைநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். வழக்கம்போல் கட்டிலைக் காட்டினார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நின்னாதாங்க எனக்கு வருது. நிக்க வெச்சுப் பாருங்களேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, எழுப்பி நிற்கவும் வைத்து, விரலில் கருவியை மாட்டிக் காத்திருந்தார். அதில் நாடித்துடிப்பு எண் ஏறிக்கொண்டே போனது.

"இப்ப என்ன பயம் உங்களுக்கு?"

"பயமெல்லாம் இல்லீங்க. அரிசி ஊறப் போட்டேனான்னு யோசிச்சுட்டிருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். "நிக்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். அதை மேல அனுப்புற நரம்பு வேலை உங்களுக்குச் சரியா நடக்கல. அதனால ஹார்ட் ஓடுது. ஏன் ஓடுதுன்னு மனசுக்குத் தெரியல, பயந்துக்குது. பயம் பொய்யில்லைங்க. ஆனா அது பின்னாடி வந்தது."

வேறு கோளாறு இல்லை என்று உறுதிசெய்ய மற்ற பரிசோதனைகளும் பார்த்தார். எனக்குத் தண்ணீரும் உப்பும் கூடுதலாக வேண்டும், நீண்ட நேரம் நிற்கக் கூடாது என்றார். அறையை விட்டு வெளியே வந்து அழுதேன். சந்தோஷம்தான்.

முழுக்கக் குணமாகிவிடவில்லை. பஸ்ஸில் இடம் கிடைக்காத நாளில் இன்னும் பயம் வரும். ஆனால் டாக்டரின் சீட்டைப் பார்த்து, சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே என்னை உட்கார்ந்து பில் போடுகிற இடத்துக்கு மாற்றினார். வேலை தப்பியது.

அந்த வாரம் வீட்டுக்காரர் லால்குடியில் இருக்கும் தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "அவளுக்கு ஹார்ட்ல சின்ன பிராப்ளமாம்" என்றார். போனை வைத்ததும் கேட்டேன்.

"ஹார்ட் நல்லாத்தானே இருக்கு? நரம்புன்னுதானே சொன்னாங்க?"

"நரம்புன்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. ஹார்ட்டுன்னே இருக்கட்டும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் ஊரெல்லாம் என்னைப் பயந்தவள் என்று சொன்ன மனுஷர்.

"இப்ப யாருக்குங்க பயம்?" என்று கேட்டேன்.