கார்த்திகை விழுந்த ஃபிலிம்

நட்சத்திரத்தைப் படம் பிடிப்பது பைத்தியக்காரத்தனம் என்று பாபநாசத்தில் என்னைத் தெரிந்த எல்லோரும் சொல்லியாயிற்று. சிங்கப்பூரிலிருந்து கேமரா வாங்கி வந்த தம்பியே சொன்னான். கல்யாணம் காதுகுத்து எடுப்பேன் என்று நினைத்துக் கொடுத்திருந்தான். நானோ இரண்டு பலகையைக் கீல் போட்டுச் சேர்த்து, ஒரு போல்ட்டைப் பொருத்தி, அதன்மேல் கேமராவை உட்கார வைத்தேன். போல்ட்டை நிமிஷத்துக்கு ஒரு சுற்று கையால் திருப்பினால் கேமராவும் வானத்தோடு நகரும். நட்சத்திரம் கோடாக இழுபடாமல் புள்ளியாக விழும்.

எனக்கு வேண்டியிருந்தது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். கண்ணுக்கு ஆறு தெரியும், ஃபிலிமில் இன்னும் எத்தனையோ விழும். ஆனால் கார்த்திகை மாதத்தில் எங்கள் பக்கம் வானமெல்லாம் மேகம், வயலெல்லாம் தண்ணீர். சம்பா அறுத்த பிறகு தையில்தான் ஸ்டாண்டு வைக்கக் காய்ந்த தரை கிடைக்கும். இருட்டியதும் கூட்டம் உச்சியில் நிற்கும்.

அந்த வருஷம் அறுப்புக்கு முன்பே தம்பி போன் செய்தான். உளுந்து தெளிக்க வேண்டாம், மனை போடுகிறவரிடம் வயலைப் பேசி முடித்துவிட்டேன், மாசியில் பத்திரம் என்றான். நிலம் இருவர் பேரிலும்தான் இருந்தது. ஆனால் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவன் பேசினால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. சரி என்றேன்.

ஊரைச் சுற்றி இருட்டு மிச்சமிருந்தது அந்த வயலில்தான். அதனால் அந்தத் தைதான் கடைசி. நிலா இல்லாத சாயங்காலங்களில் நானும் என் மனைவியும் அறுத்த நெல்தாள் காலைக் கிழிக்க நடந்து போவோம். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்க டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து அவள் குரல் கொடுப்பாள், நான் போல்ட்டைத் திருப்புவேன். பனியில் லென்ஸ் நனைந்தால், துணியால் தொட்டால் நான் கத்துவேன் என்று தெரிந்து, விசிறியால் வீசுவாள்.

கும்பகோணத்தில் ஃபிலிம் கழுவிய ஸ்டூடியோக்காரர் நல்ல மனிதர். அதுதான் வினையாகிப் போனது. நட்சத்திரப் படத்துக்கு ஓரம் எதுவென்று தெரியாது, கத்தரி நடுவில் இறங்கிவிடும். அதற்காகவே முதல் படமாக வயலைப் பகலில் எடுத்து, அதை வைத்து அளந்து வெட்டச் சொல்லியிருந்தேன். வாங்கப் போனபோது அவர் கையில் அந்த ஒன்றுதான் இருந்தது.

“மத்ததுல ஒண்ணுமே விழலைங்க சார். வெத்து ஃபிலிமுக்கு உங்ககிட்ட எதுக்குக் காசுன்னு வெட்டிப் போட்டுட்டேன்.”

நெகட்டிவில் நட்சத்திரம் கறுப்பாகத்தான் தெரியும். பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்தனவா என்று கேட்டேன். தூசு என்று நினைத்தாராம். குப்பை காலையிலேயே போய்விட்டது. அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் பஸ் ஏறினேன்.

மறுபடி நிலா இல்லாத இரவு வருமுன் மாசியில் பத்திரம் முடிந்தது. கல் நட்டு, நகர் என்று பேர் வைத்து, மூலைக்கு மூலை சோடியம் விளக்குப் போட்டார்கள். தம்பியிடம் ஃபிலிம் போனதைச் சொன்னேன். இதற்கா இவ்வளவு என்று சிரித்தான். பிறகு அங்கே கடையில் வாங்கிய ஒரு பெரிய படத்தை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். அதே கார்த்திகைக் கூட்டம், நீலப் புகை சூழ. அழகாகத்தான் இருந்தது, அதுவே எரிச்சலாக இருந்தது. என் மனைவி அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

மனை வாங்கி வீடு கட்ட வந்த துபாய்க்காரர் ஒருநாள் தண்ணீர் கேட்டு வந்தார். படத்தைப் பார்த்து, நீங்கள் எடுத்ததா என்று கேட்டார்.

“ஆமாங்க, நம்ம வயல்லேர்ந்து எடுத்தது” என்றாள் என் மனைவி.

இல்லை, என் தம்பி காசு கொடுத்து வாங்கியது என்றேன் நான். அதோடு விடவில்லை. அவர் கிளம்பும்வரை தம்பியையும் மனை போட்டவரையும் திட்டித் தீர்த்தேன்.

அவர் போனதும் அவள் டம்ளரை எடுத்தாள்.

“அந்தப் பனியில நானுந்தாங்க நின்னேன். எனக்காக ஒரு தடவை ஆமான்னு சொல்லியிருக்கலாம்.”

அதுவரை குப்பையில் போனதை என் ஃபிலிம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.