பார்க்காமல் போட்ட மார்க்

லாக்கவானா என்ற எங்கள் அமெரிக்கச் சிற்றூரில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் நார்பர்ட் பஸ்டூருக்கு வருஷத்தில் ஒரு வாரம் மட்டும் ராஜயோகம். ஏப்ரல் கடைசியில் அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துப் பொறுக்கி எடுக்கும். அந்த டிராஃப்ட் முடிந்த கையோடு எங்கள் வாரப் பத்திரிகை நார்பர்ட் போட்ட மார்க்கை முதல் பக்கத்தில் வெளியிடும். எங்கள் அணி எடுத்த ஒவ்வொரு பையனுக்கும் ஏ முதல் ஃபெயில் என்கிற எஃப் வரை ஒரு மார்க், கூடவே ஒரு வரி. பையன்கள் இன்னும் ஊருக்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். அதற்குள் பரீட்சை முடிந்து ரிசல்ட்டும் வந்துவிடும். இதில் எங்களுக்குக் கொஞ்சம்கூட வெட்கம் கிடையாது.

ஆனால் நார்பர்ட் சும்மா அளந்துவிடுகிற ஆள் இல்லை. கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதி ஆட்டங்களின் வீடியோ கேசட்டுகளை வரவழைப்பார். பனிக்காலம் முழுக்க வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து, ஒரே மோதலை முப்பது தடவை திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "பாக்காத பையனுக்கு மார்க் போட்டா என் பேர் நார்பர்ட் இல்ல" என்று ஸ்டானின் மதுக்கடையில் பத்தொன்பது வருஷமாகச் சவடால் அடித்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றாறில் எங்கள் அணி கடைசிச் சுற்றில் லெண்டெல் ப்ரூவிட் என்ற பையனை எடுத்தது. அலபாமாவில் பேர் தெரியாத ஒரு சின்னக் கல்லூரி. முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுக்கிற வேலை. அவனுடைய கேசட் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. இந்தக் கல்லூரியிலிருந்து எவன் வரப்போகிறான் என்று நார்பர்ட் பொட்டலத்தைப் பிரிக்காமலே கேசட் குவியலுக்கு அடியில் போட்டிருந்தார். ஞாயிறு சாயங்காலம் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

"நார்ப், கடைசிப் பையனுக்கு மட்டும் மார்க் வரலையே. அவனைப் பாக்கலையா?"

"பாக்கலை" என்ற ஒரு வார்த்தை போதும். அதற்குத்தான் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"பாக்காம இருப்பேனா? எழுதிக்கோ. இடது கால் அரை நொடி லேட். எஃப்."

முன்வரிசையில் நிற்கிற எவனைப் பற்றியும் சொல்லக்கூடிய வரி அது. ஜோசியக்காரன் எல்லோரிடமும் "உங்களுக்கு வயித்துல கோளாறு உண்டு" என்பதைப் போல.

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஜூலையில் பயிற்சி நடக்கும்போது வேலி ஓரத்தில் நின்று கத்தினார்கள். "டேய் ப்ரூவிட், உன் இடது கால் எங்கடா? பஸ்ஸுக்கு நிக்குதா?" நார்பர்ட்டும் அங்கே நின்றிருந்தார். கூடச் சேர்ந்து சிரிக்கவும் செய்தார்.

ஆகஸ்டில் அணி அவனைக் கழற்றிவிட்டது. ஸ்டான் ஒரு பீரைத் தள்ளி, "நார்ப், உன் கண்ணு கண்ணுதாம்ப்பா! கோச்சுக்கு நாலு மாசம் ஆச்சு. உனக்கு ஒரு பார்வை!" என்றான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. பீரை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தார்.

முன்வரிசையில் ஐந்து பேர். பந்து அசைந்ததும் முதலில் தரையில் பதிந்தது ப்ரூவிட்டின் இடது கால்தான். நார்பர்ட் திருப்பிப் போட்டார். மறுபடியும் அதே கால். சாப்பிடக் கூப்பிட மனைவி டொலோரஸ் கீழே இறங்கி வந்தாள்.

"இவன் நல்லா ஆடுறான், டொலோரஸ்."

"எவன்?"

"நான் எஃப் போட்டேனே, அவன்."

"பாத்துட்டுத்தானே போட்ட?"

நார்பர்ட் அன்றுதான் கிழித்த பொட்டல உறையை எடுத்து நீட்டினார். முப்பத்துநாலு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் எதற்கு?

"அடப் பாவி மனுஷா! பாதிரியார்கிட்டப் பாவமன்னிப்பு கேட்டுட்டு நிம்மதியா இருந்துடலாம்னு பாக்காத. அவன்கிட்டயே போய்ச் சொல்லு."

போக மூன்று வாரம் ஆயிற்று. சொந்த ஊருக்கு எந்த முகத்தோடு போவது என்று லெண்டெல் இங்கேயே ஒரு மரச்சாமான் கிடங்கில் சோபா தூக்கிக்கொண்டிருந்தான். உணவு இடைவேளையில் கிடங்கு லாரியின் பக்கத்தில் நார்பர்ட் அவன்முன் நின்று, உப்புக்கல் தூவிய ரொட்டியில் வைத்த மாட்டிறைச்சிப் பொட்டலத்தை நீட்டித் தன் பெயரைச் சொன்னார். காறித் துப்புவான் என்று எதிர்பார்த்தார். பையனின் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதானா சார் அது!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். "எங்க காலேஜ் கோச் நாலு வருஷம் கூட இருந்தாரு, அவருக்கே தெரியலை. இங்க இருக்கிற கோச்சும், 'காலுக்கு ஒண்ணும் இல்லடா, பேசாம ஆடு'ன்னாரு. ஆனா நீங்க பாக்காம ஒரு எழுத்து எழுதமாட்டீங்கன்னு ஊரே சொல்லுச்சு. அதனால நான் நிக்கிற விதத்தையே மாத்தினேன் சார். மே, ஜூன் ரெண்டு மாசமும் தினம் அதே வேலை. இடது காலைக் கொஞ்சம் பின்னால வச்சு, உடம்பைத் திருப்பி... பழகவே இல்ல. மோதுற நேரத்துல தடுமாறிட்டேன். உங்களைக் குத்தம் சொல்லலை. உண்மையைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

நன்றியை வாங்கிக்கொண்டு அப்படியே நடையைக் கட்டலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே நார்பர்ட்டுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"நான் பாக்கலை," என்றார்.

"எதை சார்?"

"உன் கேசட்டை. பிரிக்கவே இல்ல. பாக்கலைன்னு சொல்ல வெக்கப்பட்டு அந்தக் கால் விஷயத்தை நானா இட்டுக்கட்டினேன்."

லெண்டெலின் சிரிப்பு உடனே மறையவில்லை. கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். ஒரு அறை விட்டால் தேவலை என்று நார்பர்ட் நின்றார். அவன் அடிக்கவில்லை.

"அப்புறமாவது பாத்தீங்களா?"

"பாத்தேன். ஆகஸ்ட்ல. நாலு ஆட்டம்."

"எப்படி சார் இருந்தேன்?"

பத்தொன்பது வருஷம் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போட்டவர் இப்போது தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நல்லா ஆடினப்பா," என்றார். "உன்கிட்ட இருந்ததிலேயே நல்லது அந்த இடது கால்தான்."

லெண்டெல் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டான்.